ஏற்றம் ஏறாத வான்

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. ஒரு பாலத்தின் முதுகு, ஒரு குளக்கட்டு, ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். எங்கள் தொழிலுக்கு இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் கெட்டது என்றே சொல்வேன். தட்டையான ஊரில் வாகனத்தின் நோய் வெளியே தெரியாது. வருத்தக்காரன் பாயில் படுத்திருக்கும்வரை சுகமாயிருப்பதுபோல அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாகனத் திருத்துநர் சங்க மலருக்கு ‘ஓட்டோ கியர்’ பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கராஜ் நண்பர்கள் வந்து கேட்டார்கள். இப்போது வரும் பற்றறி வாகனங்களுக்குக் கியர் மாறுவதே கிடையாதாம். நல்லது, கியர்ப்பெட்டி தூக்காமல் இனி வருபவர்களின் இடுப்பாவது தப்பும். நான் இளைப்பாறியவன். நினைவில் நிற்பதைத்தான் எழுத முடியும். அதிலும் பாதி, வெயில் தாழும் நேரத்தில் கடல்நீரேரிக் கரையோரமாக மெல்ல ஓடும் ஒரு வானுக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்த நினைவுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு நித்திரை கொண்டவன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

தொழில் பழகிய கதை சுருக்கமானது. படிப்பு ஏறவில்லை, மாமா ஒருவர் லொறிக் கராஜில் கொண்டுபோய் விட்டார், கிறீஸ் பிடித்தது, கல்யாணம் முடித்தேன். சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு, ஜப்பானில் ஓடிக் களைத்த வான்கள் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கின. அவற்றில் கிளச் மிதி இல்லை. எங்கள் ஆட்களுக்கோ இடது கால் சும்மா இருக்காது. ஒருவர் புதிதாக வாங்கிய வானை அருச்சனைக்காகக் கோயில் வாசலில் நிறுத்தி, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு ஏறி, பழத்தை நசிக்கப் புறப்பட்டார். வலது கால் அக்சிலேற்றரில் இருக்க, இடது கால் பழைய பழக்கத்தில் கிளச்சைத் தேடிப்போய்ப் பிறேக்கை ஓங்கி மிதித்தது. பழம் நசியவில்லை, அவருடைய மாமியாரின் மூக்குத்தான் நசிந்தது. அந்த வான்தான் நான் முதன்முதலில் தொட்ட ஓட்டோ கியர் வாகனம். அதில் ஒரு பழுதும் இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகுதான் கொழும்புத்துறை வீதியில் இருந்த கராஜுக்கு வேலைக்குப் போனேன். அதை நடத்தியவர் குவைத்தில் கனகாலம் வேலை செய்துவிட்டு வந்த ஞானசேகரம். முதலாளி அவர்தான் என்றாலும் எல்லாரும் ‘ஃபோர்மன்’ என்றே கூப்பிடுவோம். அவரும் அதையே விரும்பினார். முதலாளி என்றால் கதிரையில் இருக்கவேணும், எனக்குக் கதிரை ஒத்துவராது என்பார்.

அவருடைய முறை இதுதான். வாகனம் வந்தால் எஞ்சின் மூடியைத் திறக்கமாட்டார். என்ன பழுது என்றும் கேட்கமாட்டார். ஆர் ஓடுறது, எங்கை ஓடுறது, என்ன ஏத்திறது, இந்த மூன்றும்தான் கேள்வி. பிறகு செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நடுச் சீட்டில் ஏறி, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கைகளை வயிற்றில் கோத்துக்கொண்டு கண்ணை மூடுவார். “போ” என்பார். உரிமையாளர் ஓட்ட, நான் முன்னால் இருப்பேன். கனநேரம் பேச்சு இருக்காது. புதிதாக வந்தவர்கள் இந்த மனிசன் நித்திரையாகிவிட்டார் என்று எனக்குக் கண் காட்டுவார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து, “இப்ப மாறினது பிந்திப்போச்சு” என்று குரல் வரும்.

நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். ஓட்டோ கியரை நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் இருந்துதான் கேட்கவேண்டும். முழு விழிப்பில் இருந்தால் நாம் நினைப்பதுதான் கேட்கும். நல்ல கியர் மாறும்போது, நித்திரையில் பிள்ளை புரண்டு படுப்பதைப் போல ஒரு சின்ன அசைவு உள்ளங்காலில் படும், பிறகு எல்லாம் அமைதி. எத்தனை பின்னேரங்கள் அப்படிப் போயின! இறால் கூடுகள் வரிசையாக நிற்கும் தண்ணீர், வெயில் மஞ்சளாகிச் சிவப்பாகி மங்குவது, காலுக்குக் கீழே அந்த மெல்லிய புரளல். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்த நேரம் அதுதான்.

சரி, தவராசா அண்ணையின் வானுக்கு வருகிறேன்.

அவர் கொழும்புத்துறைக்காரர். முதலில் கடலுக்குப் போனவர், பிறகு பழைய டீசல் வான் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓடினார். கோயில், ஆசுபத்திரி, கல்யாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் அந்த ஒழுங்கையில் அவர்தான். ஒரே பிள்ளை நிலானி. ஆசிரியையாகி மலைநாட்டுப் பாடசாலை ஒன்றுக்கு நியமனம் கிடைத்துப் போனவள், அங்கேயே கூடப் படிப்பித்த ஒருவனை விரும்பிவிட்டாள். வந்து சொன்ன அன்று தவராசா அண்ணை முற்றத்தில் நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்க, “போறதெண்டால் போ. இனி என்ரை வானிலை நீ கால் வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுக்க நடந்தே போனாள். கல்யாணத்துக்குத் தாய் பவளமக்கா மட்டும் பஸ்ஸில் போய் வந்தா.

நான் வேலையை விடுவதற்குச் சற்று முந்தி, ஒருநாள் காலை அவர் வானோடு கராஜுக்கு வந்தார். இறங்கியும் இறங்காமலும், “குணம், இது மலை ஏறவேணும்” என்றார்.

“ஆர் மலையிலை?”

“மோளுக்கு ஏழாம் மாசம். தலைப்பிள்ளை. தாய்வீட்டிலைதானே பெறவேணும்? தாய் கேட்டிருக்கிறா. அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனால் வாறன், இல்லாட்டி இஞ்சையே பெத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லிப்போட்டாளாம்.”

“அதுக்கென்ன அண்ணை, நல்ல வானொண்டு பிடிச்சுக்கொண்டு போங்கோவன். உந்தக் கிழட்டு வானை ஏன் மலைக்கு இழுக்கிறியள்?”

“அப்பிடிச் செய்யேலாது குணம். நான் அண்டைக்குச் சொன்னது இந்த வானைத்தானே” என்றார்.

ஃபோர்மன் வந்து செருப்பைக் கழற்றினார்.

வான் போன போக்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மெத்தையில் போவதுபோலப் போனது. கியர் மாறுவதே தெரியவில்லை. எனக்குக் கண் செருகிவிட்டது. தவராசா அண்ணை பெருமையோடு, “பாத்தியே? தட்டையிலை ஒரு குறையும் இல்லை. ஆக்களை ஏத்திக்கொண்டு பாலத்திலை ஏறேக்கைதான் எஞ்சின் கத்துது, வான் போகுதில்லை” என்றார். ஃபோர்மன் கண் திறக்காமல் சொன்னார்: “இது எல்லாத்துக்கும் முந்தி நித்திரைக்குப் போற பிள்ளை. எழுப்பினால் எழும்புதில்லை.”

ஆம், அதுதான் நோய். புறப்பட்ட உடனேயே அடுத்தடுத்த கியருக்குத் தாவி, கடைசிக் கியரில் போய் இருந்துவிடுகிறது. பாரம் வந்தால் கீழ்க் கியருக்கு இறங்கி வரவேண்டும், வரவில்லை.

கராஜுக்கு வந்து, எஞ்சின் ஓட, சூடு ஆறாமல், கியர்த் தடியை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எடுத்துவிட்டு, கியர் எண்ணெயின் அளவுகோலை இழுத்தேன். ஃபோர்மன் வெள்ளைத் துணியில் அதைத் துடைத்தார். நல்ல எண்ணெய் செவ்வரத்தம்பூ நிறத்தில் இருக்கும். இது சாயம் கூடின தேத்தண்ணி. மூக்கருகே கொண்டுபோனார். அவர் மணக்கும்போது கராஜில் ஒருவரும் கதைக்கக்கூடாது, சுத்தியல்கூட நிற்கும். தாளிதம் கருகின மணம், எனக்கே வந்தது.

“பயம்தான்” என்றார். “ஆனால் இன்னும் சாகேல்லை.”

நான் ஓட்டுநர் பக்கம் குனிந்து கால் விரிப்பைத் தூக்கினேன். அக்சிலேற்றர் மிதிக்குக் கீழே, தரையில் ஆணி அடித்து இறுக்கிய ஒரு வேப்பமரக் கட்டை. மிதி பாதிக்கு மேல் இறங்கவே இறங்காது. எஞ்சின் பக்கம் போய்ப் பார்த்தால், அக்சிலேற்றரிலிருந்து கியர்ப்பெட்டிக்குப் போகும் மெல்லிய கேபிளும் தொய்வாக விடப்பட்டிருந்தது.

“அண்ணை, இது ஆற்றை வேலை?”

“என்ரைதான்” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “டீசல் தட்டுப்பாடு வந்து வரிசையிலை நாள்கணக்காக் கிடந்தனாங்களே, அப்ப ஒருத்தன் சொல்லித் தந்தவன். கட்டை வைச்சால் கால் தன்ரை பாட்டிலை அமத்தாது. கேபிளை நெகிழ்த்தினால் கெதியாக் கடைசிக் கியருக்குப் போயிடும். டீசல் மிச்சம். வரிசையிலை நிண்ட கனபேருக்கு நானே செய்து குடுத்தனான்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எனக்கு அப்படித்தான் கோபம் வரும். அந்தக் கேபிள்தான் எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம் வேண்டும் என்று கியர்ப்பெட்டிக்குச் சொல்வது. அது தொய்ந்தால் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் குறையும், தகடுகள் இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் கருகும். மலைநாட்டில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் முதல் வளைவிலேயே பிடிபட்டிருப்பான். எங்கள் தட்டையான ஊரில், எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து வாழ்ந்த எங்கள் ஆட்களால்தான் இதை வருடக்கணக்காகப் பெருமையோடு ஓட முடியும். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கூட்டம் அல்லவா நாங்கள்!

ஃபோர்மன் ஏசவில்லை. “வரிசை முடிஞ்ச பிறகு ஏன் கழட்டேல்லை?” என்று மட்டும் கேட்டார்.

“திரும்ப வந்தால்?” என்றார் தவராசா அண்ணை.

அடுத்த கேள்விதான் கடினமானது. கியர்ப்பெட்டியை இறக்கிப் பிரிப்பதா, விடுவதா? பிரித்தால் தகடுகள் கொழும்பிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று தெரியாது. அதற்குள் பிள்ளைக்கு மாதம் ஏறிவிடும், பயணம் செய்ய விடமாட்டார்கள். பிரிக்காமல் விட்டு, தகடுகள் உண்மையில் எரிந்திருந்தால், வயிற்றுப்பிள்ளைக்காரியோடு மலைப்பாதையில் நிற்கவேண்டி வரும். தவராசா அண்ணை ஃபோர்மனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபோர்மன் கியர்ப்பெட்டியின் அடிச்சட்டியை மட்டும் கழற்றச் சொன்னார். சட்டிக்குள் இரும்புத்தூளைப் பிடிக்கும் காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறச் சேறு, மாவைப்போல மெல்லியதாகப் படிந்திருந்தது. அது தேய்மானம், எல்லா வண்டியிலும் இருப்பதுதான். பயப்படவேண்டியது பித்தளை மினுக்கத்துக்கும், தகடு கருகி உதிரும் கறுத்த செதிளுக்கும். எண்ணெயைத் தகரத் தட்டில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்து, குந்தியிருந்து, சுட்டுவிரலால் மெல்ல மெல்லக் கலக்கிப் பார்த்தார். வெயிலில் அந்த எண்ணெய் தேன் நிறமாக மாறி மாறி ஓடியது. நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று அதையே பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. செதிள் ஒன்றிரண்டு விரலில் ஒட்டியது. அதற்கு மேல் இல்லை.

“பிரிக்கத் தேவையில்லை. போகும்” என்றார்.

எண்ணெய் வடிகட்டியை மாற்றினோம். எண்ணெயை ஒரே தடவையில் மாற்ற ஃபோர்மன் விடவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த எடுப்பில் விருந்து வைக்கக்கூடாது என்று, சட்டியில் வடிந்த அளவுக்குப் புதியதை ஊற்றி, ஓடி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றி, நிறம் சிவக்கும்வரை அப்படியே செய்தோம். கட்டையைப் பிடுங்கினேன். கேபிளைச் சரிசெய்ய, ஒருவர் மிதியைத் தரைமட்டும் அமத்திப் பிடிக்க, மற்றவர் எஞ்சின் பக்கம் நின்று கேபிளின் முனையில் நகக்கண் அளவு இடைவெளி வருகிறதா என்று பார்க்கவேண்டும். தவராசா அண்ணையை ஏற்றி அமத்தச் சொன்னேன்.

“முழுக்க அமத்துங்கோ.”

“அமத்திப்போட்டன்.”

போய்ப் பார்த்தால் பாதியில் நிற்கிறது. கட்டை இல்லை, கால்தான் போகவில்லை. அவர் அழுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஃபோர்மனே ஏறி அமத்தினார்.

இனிப் பரீட்சை. மலைக்கு எங்கே போவது? ஏற்றம் இல்லாவிட்டால் பாரம் என்றார் ஃபோர்மன். கொழும்புத்துறைக் கரைக்குப் போனோம். நனைந்த வலைகளை ஏற்றச் சொல்லிக் கேட்டபோது சங்கதி ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. வலையோடு ஆட்களும் ஏறினார்கள். “நிலானியைக் கூட்டிவரப் போற வானே? நாங்களும் ஏறுறம்” என்று மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நெருக்கி இருந்தார்கள். அது போதாதென்று, பின்னால் ஒரு வள்ளத்தைக் கயிற்றில் கட்டினார்கள். ஃபோர்மன் நடுவில், மடியில் யாரோ ஒரு குழந்தையோடு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

அந்தப் பின்னேரம் இப்போதும் எனக்குக் கனவில் வரும். மணலில் வள்ளம் முனகிக்கொண்டு வருகிறது. வானுக்குள் உப்பு மணம், வேர்வை மணம், பெண்களின் சிரிப்பு. தண்ணீர் முழுவதும் வெயில் சரிந்து கிடக்கிறது. எஞ்சின் திணறுகிறது. பிறகு உள்ளங்காலில் ஒரு தட்டு. கியர் இறங்குகிறது, பிடிக்கிறது, வள்ளம் அசைகிறது. பெண்கள் கைதட்டினார்கள். முன்சீட்டிலிருந்த பவளமக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா.

பயணத்துக்கு ஃபோர்மன் வரவில்லை. “நான் வந்தால் அவன் என்னைக் கேட்டுக் கேட்டு ஓடுவான். நீ போ. ஆனால் ஸ்ரியறிங்கிலை நீ கை வைக்காதை” என்று எனக்குச் சொன்னார்.

விடியும்போது புறப்பட்டோம். தவராசா அண்ணை ஓட்டினார், பக்கத்தில் பவளமக்கா, நடுச் சீட்டில் வெறுங்காலோடு நான். வன்னி, வயல், வாழைத்தோட்டம் எல்லாம் போய், மத்தியானத்துக்குப் பிறகு மலை தொடங்கியது. அவர் பாதி மிதியில்தான் ஏறினார். அதற்கே கியர் ஒழுங்காக இறங்கி இறங்கிப் பிடித்தது. வளைவுக்கு வளைவு தேயிலை, பனிப்புகார், மறுபடி தேயிலை. நான் நித்திரையா விழிப்பா என்று தெரியாமல், காலால் கேட்டுக்கொண்டே போனேன்.

பெரிய தெருவிலிருந்து ஒரு கொங்கிறீற்றுப் பாதை செங்குத்தாக மேலே போனது. அதன் உச்சியில்தான் ஆசிரியர் விடுதி. அடிவாரத்தில் வான் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, வான் அசையவில்லை.

“குணம், கியர் பிடிக்குதில்லை” என்றார்.

என் காலுக்குத் தெரியும். பழுதான கியரின் நடுக்கம் அதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். தடியை அவர் நியூற்றலில் போட்டிருந்தார். அவருடைய கை அதன்மேலேயே இருந்தது.

பவளமக்கா திரும்பி என்னைப் பார்த்தா. “ஓம் அண்ணை” என்றேன். “சூடாகிப்போச்சுப் போலை. கொஞ்சம் ஆறட்டும்.”

எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தோம். புகார் கண்ணாடியில் வந்து படிந்தது. எங்கோ தண்ணீர் விழும் சத்தம். “போய் என்னெண்டு சொல்லுறது, குணம்?” என்று அவர் கேட்டார். “முதல் சொல்லு எது? யாழ்ப்பாணத்திலையிருந்து யோசிச்சுக்கொண்டு வாறன், வருகுதில்லை.” கேபிள் என்றால் சொல்லியிருப்பேன்.

அப்போது மேலே புகாருக்குள் ஒரு குடை அசைந்தது. ஒரு பெடியன் குடை பிடிக்க, ஒரு பெண் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாசி பிடித்த அந்தச் சரிவில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். “ஐயோ பிள்ளை! வழுக்கும்!” என்று பவளமக்கா கத்தினா.

எஞ்சின் எப்போது உயிர்த்தது, தடி எப்போது கியரில் விழுந்தது என்று நான் காணவில்லை. மிதி தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. கியர் கீழே இறங்கி, இன்னும் ஒன்று கீழே இறங்கி, முழு இறுக்கமாகப் பிடித்தது. நான் சீட்டோடு சாய்ந்துபோனேன். அந்தக் கிழட்டு வான் அவ்வளவு பெரிய சத்தத்தோடு, ஒரு இடத்திலும் வழுக்காமல், அந்த ஏற்றத்தை ஏறியது.

அவளுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக் கைபிறேக்கை இழுத்துவிட்டுத் தவராசா அண்ணை பாய்ந்து இறங்கினார்.

“உந்த வயித்தோடை ஆரடி உன்னை இறங்கி வரச் சொன்னது?”

வழி முழுக்கத் தேடிய முதல் சொல் ஏச்சாகத்தான் வந்தது. நிலானி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“மேலையிருந்து பாத்தனாங்கள். வான் நிண்டுபோச்சு. தள்ளிவிடுவம் எண்டு வந்தனாங்கள் அப்பா.”

மருமகன் உண்மையிலேயே காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தான். “வாங்க மாமா” என்றான், குடையை மாமாவின் பக்கம் நீட்டிக்கொண்டு.

“கேட்டியே குணம்? தள்ளவாம்!” என்று தவராசா அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கத்தான் தொடங்கினார். நான் அவருக்கு முந்தி அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பவளமக்கா இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் இருந்தா. அவர் வானைச் சுற்றி வந்து முன்கதவை விரியத் திறந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்தச் சீட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அவருடைய மனைவி விடியக்காலை தொடக்கம் இருந்துகொண்டு வந்த சீட்டு அது, அதில் ஒரு தூசியும் இருக்கவில்லை.